ஆற அமர ஒரு தீர்ப்பு

இங்கிலீஷில் 'டெலிபரேட்' என்று ஒரு சொல் இருக்கிறது. எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு இரண்டு. வினைச்சொல்லாக வந்தால் 'டெலிபரேட்' என்று நீட்ட வேண்டும். பெயருக்கு அடைமொழியாக வந்தால் 'டெலிபரட்' என்று குறுக்க வேண்டும். பெரும்பாலான அகராதிகள் இதன் பிறப்பிடம் லத்தீன் என்கின்றன. 'லிப்ரா' என்றால் தராசு. துலா ராசிக்கு மேல்நாட்டு ஜோசியர்கள் வழங்கும் பெயர் அதுவே. பவுண்டு எடையைக் குறிக்க 'எல்பி' என்று போடுகிறார்களே, அதுவும் லிப்ராவின் சுருக்கந்தான். ஆகவே ஒரு விஷயத்தை டெலிபரேட் செய்வது என்றால், தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது என்று அர்த்தம். நாமும் 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்கிறோம். தூக்குதல் என்பதற்கு நிறுத்தல் என்ற பொருள் உண்டு. யோசனை செய்கிற மனிதனைப் பார்த்தபோது ரோமாபுரிக்காரனுக்கும் தமிழனுக்கும் ஒரே தராசுதான் நினைவுக்கு வந்திருக்கிறது போலும்!

இவ்வளவு நல்ல குலத்தில் பிறந்த சொல், நாளடைவில் மூன்று பேருக்குக் குடியிருக்க இடம் கொடுத்துவிட்டது. முதல் குடித்தனக்காரன் யோசிக்கிறவன். வழக்கைக் கேட்டு முடித்த ஜூரர்கள் தனி அறைக்குள் போய்க் கூடிப் பேசுகிறார்களே, அதற்கு இந்தச் சொல்தான். இரண்டாமவன் தெரிந்தே செய்கிறவன். கை தவறிக் கண்ணாடியை உடைப்பது வேறு. வேண்டுமென்றே உடைப்பது வேறு. அந்த 'வேண்டுமென்றே' என்பதற்கும் இங்கிலீஷ்காரர்கள் இதே சொல்லைப் போடுகிறார்கள். மூன்றாமவன் மெதுவாக நடக்கிறவன். ஒரு பெரிய மனிதர் அளந்து அளந்து அடிவைத்து மேடைக்கு வந்தார் என்று எழுத வேண்டுமானாலும் இது உதவும். மூவருக்கும் உறவு இல்லாமல் இல்லை. யோசிக்கிறவன் தெரிந்துதான் செய்வான். யோசிக்கச் சற்று நேரமும் பிடிக்கும். ஆனால் மெதுவாக நடக்கிறவன் எல்லாம் யோசித்துக்கொண்டுதான் நடக்கிறான் என்று சொல்லிவிட முடியுமா?

நம்முடைய 'நிதானம்' என்ற சொல்லிலும் இந்தக் கூட்டுக் குடித்தனம் நடக்கிறது. "நிதானமாக யோசித்துச் சொல்" என்றால் அது புத்திமதி. "நிதானமாக வந்து சேர்ந்தான்" என்றால் அது புகார். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்க் கலந்து யோசித்துக் கடிதம் போடுகிறோம்" என்று சொன்னால், பெண்ணின் தாயார் உள்ளே போய்ப் பெருமூச்சு விடுகிறாள். யோசனை என்ற வார்த்தைக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்று அவளுக்கு எந்த அகராதியும் சொல்ல வேண்டியதில்லை.

கதை எழுதுகிறவனுக்குச் சொற்களின்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். என் பாத்திரம் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் ஓர் அத்தியாயம் கெட்டுப்போகும், அவ்வளவுதான். ஒரு தேசத்தின் மிகப் பெரிய நியாயஸ்தலம் இரண்டு பொருள்படும் சொல் ஒன்றைத் தீர்ப்பில் எழுதிவிட்டால் என்ன கெட்டுப்போகும்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க சரித்திரத்தில் பதில் இருக்கிறது. மேலே சொன்ன டெலிபரேட் என்ற சொல்தான் அந்தக் கதையின் நாயகன், அல்லது வில்லன்.

கதை வர்ஜீனியா ராஜ்யத்தில், பிரின்ஸ் எட்வர்டு ஜில்லாவில், பார்ம்வில் என்ற சிறிய ஊரில் ஆரம்பமாகிறது. அந்த நாளில் தென் பகுதி ராஜ்யங்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். 1896-ம் வருஷம் பிளெஸ்ஸி என்பவரின் ரயில் பெட்டி வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் சட்டத்துக்கு விரோதமில்லை என்று சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதியவர் ஜான் மார்ஷல் ஹார்லன் என்ற ஒரே ஒரு நீதிபதி. தனித்தனியாக வைத்தார்கள்; சமமாகத்தான் வைக்கவில்லை. பார்ம்வில்லில் கறுப்பினத்தாருக்கு இருந்த மோட்டன் உயர்தரப் பள்ளி, 1939-ம் வருஷம் 180 பிள்ளைகளுக்கென்று கட்டப்பட்டது. 1951-ல் அதில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார் பூசிய காகிதத்தை ஒட்டிய மரக் கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள். மழை வந்தால் ஒழுகும். புதுக் கட்டடம் கேட்டுப் பெற்றோர்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். அதிகாரிகள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

பார்பரா ஜான்ஸ் என்ற பெண்ணுக்கு அப்போது 16 வயசு. இரைந்து பேசாத பெண். அவள் நம்பிக்கையான சில தோழர்களை மட்டும் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டம் போட்டாள். 1951-ம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி தலைமை ஆசிரியருக்கு ஒரு டெலிபோன் வந்தது. பஸ் நிலையத்தில் அவருடைய மாணவர்கள் சிலர் வம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி. அவர் பதறிக்கொண்டு போனார். அந்தச் சமயத்தில் பிள்ளைகள் எல்லாரும் மண்டபத்துக்கு வரவேண்டும் என்று அவர் பெயரால் சீட்டு வகுப்புகளுக்குப் போயிற்று. திரை விலகியபோது மேடைமேல் நின்றவள் பார்பரா. ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறுவோம் என்று பேசினாள். மொத்தப் பள்ளியும் வெளியே வந்தது.

பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம். அவர்களைப் பார்க்க வந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்ஸன் என்ற இரு கறுப்பின வக்கீல்களோ, பிரித்து வைக்கும் ஏற்பாட்டையே எதிர்ப்பதானால் வழக்கு நடத்துகிறோம் என்றார்கள். ஒரு மாதத்துக்குள் வழக்கு தாக்கலாயிற்று. வாதிகள் 117 மாணவர்கள். பார்பராவுக்குப் பயமுறுத்தல் வந்ததால் பெற்றோர்கள் அவளை மாண்ட்கோமரி நகரில் இருந்த, தகப்பனாரின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே ஒரு மாதாகோவிலில் போதகர். பின்னால் அதே பிரசங்க மேடைக்கு வந்தவர்தாம் மார்ட்டின் லூதர் கிங்.

பார்ம்வில் வழக்கும், கான்ஸாஸ், தென் கரோலினா, டெலவேர் ராஜ்யங்களிலிருந்து வந்த வழக்குகளும் ஒன்றாகச் சேர்ந்து 'பிரவுன் எதிர் கல்வி போர்டு' என்ற பெயரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தன. பிள்ளைகள் பக்கத்துத் தலைமை வக்கீல் தர்குட் மார்ஷல். 1954-ம் வருஷம் மே 17-ந் தேதி பிரதம நீதிபதி எர்ல் வாரன் தீர்ப்பைப் படித்தார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே அபிப்பிராயம். பள்ளிக்கூடத்தில் தனியாக வைப்பது என்றாலே அது சமம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். உலகம் முழுவதும் கொண்டாடிய தீர்ப்பு அது. ஆனால் எப்போது, எப்படி நிறைவேற்றுவது என்பதை அன்று சொல்லவில்லை. அதற்குத் தனியாக வாதம் கேட்போம் என்று தள்ளி வைத்தார்கள்.

1955-ம் வருஷம் ஏப்ரலில் அந்த வாதம் நடந்தது. மார்ஷல் ஒரு தேதி கேட்டார். தாமதமானாலும் 1956 செப்டம்பருக்குள் முடிய வேண்டும் என்றார். தென் ராஜ்யங்களின் வக்கீல்கள் தேதி கூடாது என்றார்கள். தென் கரோலினாவுக்காக வாதாடிய எமரி ராஜர்ஸைப் பார்த்து வாரன், தீர்ப்புக்கு அடங்கி நடக்க நேர்மையான முயற்சி செய்வீர்களா என்று கேட்டார். 'நேர்மையான' என்ற வார்த்தையை எடுத்துவிடலாமே என்றார் வக்கீல். அது இருக்கட்டும் என்றார் வாரன். இல்லை, வெள்ளைக்காரப் பிள்ளைகளைக் கறுப்பர் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்றே சொல்ல வேண்டியிருக்கும் என்று வக்கீல் பதில் சொன்னார். எதிராளி தன் மனசை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவான்? மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

மே 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. தேதி இல்லை. மாவட்டக் கோர்ட்டுகள் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்கும் காரியம் 'வித் ஆல் டெலிபரட் ஸ்பீட்' நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. தமிழில் எப்படிச் சொல்வது? 'ஆற அமர யோசித்து, ஆனால் வேகமாக' என்று சொல்லிப் பார்க்கலாம். சொல்லும்போதே ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் விலங்கும் மாட்டினாற்போல இருக்கிறதல்லவா? மார்ஷலின் அலுவலகத்தில் அன்று அகராதியை எடுத்துப் புரட்டினார்கள் என்றும், அந்தச் சொல்லுக்கு நேரே 'மெதுவான' என்று போட்டிருந்ததைக் கண்டு திகைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. மெதுவான வேகம்!

இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது ஒரு தனிக் கதை. வாரனிடம் இதைச் சிபாரிசு செய்தவர் நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். அவர் இதைத் தம் குருவைப்போல மதித்த நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸின் 1911-ம் வருஷத்துத் தீர்ப்பிலிருந்து எடுத்தார். ஹோம்ஸோ அது பழைய இங்கிலீஷ் சான்செரிக் கோர்ட்டின் பாஷை என்று எழுதியிருந்தார். சான்செரியில் சாதாரணமாக வழங்கியது 'சௌகரியமான வேகம்' என்ற தொடர். 'டெலிபரட் வேகம்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து கிடப்பது பிரான்ஸிஸ் தாம்ஸன் என்ற கவிஞர் 1893-ல் வெளியிட்ட ஒரு பக்திப் பாட்டில். அங்கே மனிதனைத் துரத்தி வருபவர் கடவுள். கடவுளுக்கு அவசரம் இல்லை. அவர் நிதானமாகத் துரத்தலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அப்படியா?

ஹோம்ஸ் எழுதிய வழக்கு எது என்பதுதான் இன்னும் வேடிக்கை. உள்நாட்டு யுத்தத்தின்போது, 1863-ல், வர்ஜீனியாவிலிருந்து மேற்கு வர்ஜீனியா தனி ராஜ்யமாகப் பிரிந்தது. பழைய கடனில் தன் பங்கைக் கொடு என்று வர்ஜீனியா வழக்குப் போட்டது. மேற்கு வர்ஜீனியா இழுத்தடித்தது. ஒரு ராஜ்யத்திடம் வியாபாரியின் சுறுசுறுப்பை எதிர்பார்க்க முடியாது, டெலிபரட் வேகத்தில் நடந்தால் போதும் என்று ஹோம்ஸ் சமாதானம் சொன்னார். அந்தக் கடன் முழுவதும் அடைபட்டது 1939-ல். அப்போது பொறுமை இழந்து வாசலில் நின்ற கடன்காரன் வர்ஜீனியா. 1955-ல் பிள்ளைகளுக்குப் பாக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டதும் அதே வர்ஜீனியா. ஒரே தொடர், முதல் தடவை அது வர்ஜீனியாவைக் காக்க வைத்தது, இரண்டாம் தடவை அதைக் காப்பாற்றியது.

பிராங்க்பர்ட்டர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்குச் சட்ட ஆலோசகர்களில் ஒருவராக இருந்தவர். சுப்ரீம் கோர்ட்டில் முதன்முதலாக ஒரு கறுப்பின இளைஞரைத் தம்மிடம் சட்ட உதவியாளராக வைத்துக்கொண்டவரும் அவரே, அது 1948-ல். கோர்ட்டுக்குப் பட்டாளம் கிடையாது, பணப்பெட்டியும் கிடையாது. ஜனங்கள் மதித்தால்தான் தீர்ப்பு. ஒன்பது பேரும் ஒரே குரலில் பேச வேண்டும், தென் பகுதியில் கலவரம் மூளக் கூடாது, அங்குள்ள நல்லவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் அவர்களே வழி பண்ணுவார்கள் என்று நினைத்தார். இந்த எண்ணத்தை அற்பமாகத் தள்ளிவிட முடியாது. யோசிக்கிறவனைத்தான் அவர் அழைத்தார். ஆனால் சொல்லுக்குள் இருந்து கதவைத் திறந்துகொண்டு வந்தவன் மெதுவாக நடக்கிறவன். அவன் பின்னாலேயே, வேண்டுமென்றே செய்கிறவனும் வந்தான்.

1956 மார்ச்சில் தென் ராஜ்யங்களைச் சேர்ந்த 101 காங்கிரஸ் அங்கத்தினர்கள் தீர்ப்பைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். 1957 செப்டம்பரில் ஆர்க்கன்ஸாஸின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையாதபடி கவர்னர் பாபஸ் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசனோவர் மத்திய சர்க்கார் பட்டாளத்தை அனுப்பி அவர்களை உள்ளே கொண்டுபோக வேண்டியதாயிற்று. மறு வருஷம் அந்த ஊர்க் கல்வி போர்டு கோர்ட்டுக்கு வந்து, கலவரமாக இருக்கிறது, இரண்டரை வருஷம் ஒத்திப்போடுங்கள் என்று கேட்டது. கலவரம் செய்தவர்களே கலவரத்தைக் காட்டி அவகாசம் கேட்டால் கொடுக்க முடியாது என்ற கருத்தில் ஒன்பது நீதிபதிகளும் கையெழுத்திட்டு மறுத்தார்கள்.

பிரின்ஸ் எட்வர்டு ஜில்லாதான் எல்லாரையும் மிஞ்சியது. 1959-ல், இனிமேல் தள்ளிப்போட முடியாது, பிள்ளைகளைச் சேர்த்தே தீர வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு வந்ததும், ஜில்லா நிர்வாகிகள் பள்ளிக்கூட வரியே போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். வரி இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. அத்தனை சர்க்கார் பள்ளிகளும் பூட்டப்பட்டன. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று உடனே முளைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்குப் படிக்க இடமில்லை. சிலரை உறவினர்கள் வெளியூருக்கு அழைத்துப் போனார்கள். குவேக்கர் சங்கத்தார் சிலரை வேறு ராஜ்யங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களில் தங்க வைத்துப் படிக்க வைத்தார்கள். சிலருக்கு மாதாகோவில்களின் கீழ்த்தளத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வயலுக்குப் போனார்கள். 1959-லிருந்து 1964 வரை இந்த நிலை. கடைசி வருஷத்தில் மட்டும் நன்கொடையால் நடந்த இலவசப் பள்ளிகள் கொஞ்சம் கைகொடுத்தன.

இந்தப் பிள்ளைகளில் ஒன்பது வயசில் படிப்பு நின்ற ஒருவனை நினைத்துப் பார்க்கிறேன். அவன் மறுபடி பெஞ்சியில் உட்காரும்போது 13 வயசு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வகுப்பில் மீசை அரும்பும் பையன் உட்கார வேண்டும். எத்தனை பேர் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்திருப்பார்கள்? தராசின் ஒரு தட்டில் ராஜ்யத்தின் சௌகரியத்தை வைத்து நிறுத்தார்கள். மறு தட்டில் இந்தப் பையனின் வயசை வைக்க மறந்துவிட்டார்கள். ராஜ்யத்துக்கு வயசு ஏறுவதில்லை. கடனை 1911-லும் கொடுக்கலாம், 1939-லும் கொடுக்கலாம். ஒன்பதாவது வயசை அப்படித் தவணையில் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

கணக்கையும் பார்த்துவிடலாம். 1963-64-ம் பள்ளி வருஷத்தில், பழைய கூட்டமைப்பைச் சேர்ந்த 11 தென் ராஜ்யங்களில், வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முதல் தீர்ப்பு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டிருந்தது. 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம், பொறுத்திருங்கள் என்று புத்தி சொன்ன பாதிரிமார்களுக்கு எழுதிய பதில்தான்.

1964 மே 25-ந் தேதி பிரின்ஸ் எட்வர்டு வழக்கு மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்கு முன்னால் நின்றது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், அலபாமாவில் பிறந்து வளர்ந்த தென்னாட்டுக்காரர். 1955-ல் அந்தத் தொடருக்குச் சம்மதித்த ஒன்பது பேரில் ஒருவர். வெறும் டெலிபரட் வேகத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்று அவர் எழுதினார். ஆயினும் சொல் உடனே சாகவில்லை. 1969 அக்டோபர் 29-ந் தேதி மிஸிஸிப்பிப் பள்ளிகளின் வழக்கில்தான், அந்த அளவுகோல் இனிச் செல்லாது, இரட்டைப் பள்ளி முறையை உடனே ஒழிக்க வேண்டும் என்று கோர்ட்டு கூறியது. அன்று மேடையில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளில் ஒருவர் தர்குட் மார்ஷல். தேதி கேட்டு வாதாடியவர், 14 வருஷத்துக்குப் பிறகு நீதிபதியாக இருந்து 'உடனே' என்பதற்குக் கை தூக்கினார். அந்த ஊரில் பள்ளிப் படிப்பு 12 வருஷம். நிதானமோ 14 வருஷம். 1955-ல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, உடனே என்ற சொல் வருவதற்குள் படித்து முடித்து வெளியே போய்விட்டிருக்கும்.

வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரம் வைத்தார். 'மடியின்மை' என்று வேறோர் அதிகாரமும் வைத்தார். ஆராய்ச்சியும் சோம்பலும் வெளிப் பார்வைக்கு ஒரே ஜாடையில் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. யோசிக்கிறவனிடம், "என்றைக்குச் சொல்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். உண்மையாகவே நிறுத்துப் பார்க்கிறவன் ஒரு நாளைச் சொல்வான். நாள் சொல்லாமல் யோசிக்கிறவன் நிறுக்கவில்லை. தராசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். மார்ஷல் கேட்டது அந்த ஒரு நாளைத்தான்.

பார்ம்வில்லில் இழந்த படிப்புக்காக 2003-ல், தலை நரைத்துப்போன பழைய மாணவர்களை அழைத்து கௌரவப் பட்டயம் கொடுத்தார்கள். 2004-ல் வர்ஜீனியா அவர்கள் மேற்கொண்டு படிக்க உதவித்தொகையும் ஏற்படுத்தியது. மோட்டன் பள்ளிக் கட்டடம் இப்போது ஒரு மியூஸியம். அமெரிக்கக் காங்கிரஸ் மாளிகையில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2020-ல் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பார்பரா ஜான்ஸை அந்த ராஜ்யம் தேர்ந்தெடுத்தது. அவள் அதைப் பார்க்க இல்லை, 1991-லேயே காலமாகிவிட்டாள்.

அந்தப் பெண்ணின் காரியத்தை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். மாதக்கணக்கில் யோசித்தாள். தெரிந்தே செய்தாள். அவசரப்படவும் இல்லை. ஆனால் ஏப்ரல் 23 என்று ஒரு நாள் குறித்திருந்தாள். அந்த நாள் வந்ததும் திரையை விலக்கச் சொன்னாள். டெலிபரேட் என்ற சொல்லுக்குள் குடியிருக்கும் மூன்று பேரும் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு அந்தப் பதினாறு வயசுப் பெண்ணைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.